நுங்கு வண்டியும் வைத்தியம்தான்! பல்லாங்குழியும் பயிற்சிதான்!

கோடை லீவில் வாண்டுகளுக்கு விளையாட்டோடு சிகிச்சை

ஸ்ரீபெரும்புதூர், மே-

விளையாட்டுக்கு விளையாட்டு. வைத்தியத்துக்கு வைத்தியம். செலவு பத்து பைசா கிடையாது!

பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளை, நடை தள்ளாடும் பிள்ளை, பென்சில் பிடிக்க விரல் வளையாத பிள்ளை, ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை... இந்த வாண்டுகளுக்குக் கோடை விடுமுறை நல்ல சந்தர்ப்பம். தெரபி மையத்தில் பொம்மையும் பந்தும் வைத்துக் கொடுக்கும் பயிற்சியில் பெரும் பகுதி, பாட்டி காலத்து விளையாட்டில் ஏற்கனவே இருக்கிறது.

அதன் விவரம் வருமாறு:-

ஷிப்ட் ஊர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த பூமி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் நிசான் வந்தது. 2012-ல் பாரத் பென்ஸ் லாரி வந்தது. சுற்றிலும் செல்போன் கம்பெனிகள், உதிரிபாகக் கம்பெனிகள் என்று வரிசை கட்டி நிற்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே வந்து நிற்கும். ஒரு வீட்டில் அப்பா நைட் ஷிப்ட், அம்மா காலை ஷிப்ட். பத்துக்குப் பத்து வாடகை அறை. சொந்த ஊர் எங்கோ இருக்கிறது. சிலருக்குத் திருநெல்வேலி, சிலருக்கு ஒரிசா, பீகார். தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லை.

நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். பிள்ளை சத்தம் போடக் கூடாது. என்ன செய்வது? "இந்தாடா கண்ணு, பாட்டுப் பாரு" என்று கையில் செல்போனைக் கொடுத்து விடுகிறார்கள். செல்போன் செய்கிற ஊரிலேயே செல்போன்தான் தாலாட்டு!

2 வயது முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது, அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரு வயதுக்குள் அறவே கூடாது.

செல்போன் பார்ப்பதால் ஆட்டிசம் வந்து விடாது. அது தவறான பேச்சு. ஆனால் பேசிப் பழக வேண்டிய நேரத்தையும், ஓடிப் பழக வேண்டிய நேரத்தையும் செல்போன் தின்று விடும். ஏற்கனவே வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைக்கு அந்த நேரம் தங்கத்தை விடப் பெரிது.

தெரபி என்றால் என்ன?

மாத்திரை இல்லை, ஊசி இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பழகுவதுதான் தெரபி. பெரியவர்களிடம் "கையை நூறு தடவை மடக்கு" என்று சொன்னால் மடக்குவார்கள். 3 வயதுப் பிள்ளை மடக்குமா? "போ" என்று ஓடி விடும். அதே பிள்ளைக்கு மாவு உருண்டையைக் கொடுத்தால் இருநூறு தடவை அமுக்கும்!

அதனால்தான் சிறு பிள்ளைகளுக்கான பயிற்சியை விளையாட்டாகவே அமைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற பெண் நிபுணர் 1972-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கண், காது, தோல் மட்டும் அல்ல, உடம்பு ஆடுவதையும் மூட்டு அழுந்துவதையும் கூட மூளை உணர்கிறது, அந்த உணர்வுகள் ஒன்று சேர்ந்தால்தான் பிள்ளை ஒழுங்காக உட்காரும், எழுதும் என்பது அவர் சொன்ன கருத்து. ஊஞ்சல், சறுக்கு, உருளும் பந்து எல்லாம் தெரபி அறைக்குள் வந்தது இப்படித்தான்.

நம் ஊரில் ஊஞ்சலுக்கு என்ன பஞ்சம்? புடவையில் தூளி கட்டினால் போதும்.

நுங்கு

கோடை என்றால் நுங்கு. நுங்கைச் சீவி ஸ்பூனில் கொடுக்காதீர்கள். கண்ணைத் திறந்து கையில் கொடுங்கள். பிள்ளை கட்டை விரலை உள்ளே விட்டுத் தோண்டி எடுக்கட்டும். வழுக்கும், சட்டை நனையும், போகட்டும். விரலுக்கு அதை விட நல்ல பயிற்சி எது? நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற விரல் அது.

தின்று முடித்த இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோர்த்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி! வண்டி கவிழாமல் ஓட்ட வேண்டும் என்றால் கண் முன்னே பார்க்க வேண்டும், கை பிடிக்க வேண்டும், கால் ஓட வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. மிச்சம் இருக்கும் ஓலையில் காற்றாடி செய்து கொடுத்தால் இன்னொரு சுற்று ஓட்டம்.

பல்லாங்குழி

பல்லாங்குழியில் 14 குழி. பலகை இல்லாவிட்டால் மண்ணில் தோண்டலாம், முட்டை அட்டையும் போதும். புளியங்கொட்டையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒன்று ஒன்றாக எடுத்துப் போட வேண்டும். அந்தப் பிடிதான் பொத்தான் போடவும், பல்பம் பிடிக்கவும் வேண்டிய பிடி.

இன்னொன்றும் இருக்கிறது. "இப்ப உன் ஆட்டம், அப்புறம் என் ஆட்டம்" என்று காத்திருக்க வேண்டும். துறுதுறு பிள்ளைக்குக் காத்திருப்பதுதான் கடினம். ஒரு நிமிஷம் காத்திருந்தால் கைதட்டுங்கள். நாளைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்.

மணல்

மணலில் நீளமாகக் கரை கட்டி, அதற்குள் சின்னக் குச்சியை ஒளித்து வைத்து, எதிராளி இரண்டு கையையும் கோர்த்து மூடிக் கண்டுபிடிப்பதுதான் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். சில பிள்ளைகளுக்கு மணல் கையில் பட்டாலே பிடிக்காது, அழும். கட்டாயப்படுத்தக் கூடாது. முதல் நாள் ஒரு விரல், மறுநாள் உள்ளங்கை என்று பழக்க வேண்டும். மணலுக்குப் பதில் அரிசியிலோ ரவையிலோ கூட ஆரம்பிக்கலாம்.

பாண்டி ஆட்டத்துக்கு ஒரு கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் போதும். ஒற்றைக் காலில் நொண்டினால் உடம்பின் சமநிலை பழகும். ஒற்றைக் கால் வராத பிள்ளை இரண்டு காலில் குதிக்கட்டும். கோடு மேல் நடந்தால் கூடப் பயிற்சிதான்.

தண்ணீர்

வெயிலுக்குத் தண்ணீர் விளையாட்டை வேண்டாம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஒரு டம்ளரில் இருந்து இன்னொரு டம்ளருக்கு ஊற்றுவது, பஞ்சை நனைத்துப் பிழிவது, கைக்குட்டையைத் துவைத்து முறுக்குவது எல்லாம் மணிக்கட்டுக்கு வேலை. கிளிப் போட்டுத் துணி காயப் போடச் சொன்னால் விரலுக்கு வேலை. சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்கி வந்து செடிக்கு ஊற்றினால் தோளுக்கு வேலை. அலைபாயும் பிள்ளைகள் சிலர் இப்படிக் கனம் தூக்கிய பிறகு சற்று அமைதியாவது உண்டு.

ஊதல்

சோப்பு நுரையை ஊதிக் குமிழி விடுவது, தண்ணீரில் மிதக்கும் காகிதக் கப்பலை ஊதித் தள்ளுவது, இளநீரை ஸ்டிரா போட்டு உறிஞ்சுவது எல்லாம் பிள்ளைக்குக் குஷி.

ஆனால் ஊதுவதால் மட்டும் பேச்சு வந்து விடாது. பேச்சை வரவழைப்பது எதிரே உட்கார்ந்து இருக்கும் ஆள்தான். குமிழி விடும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். "ஊது" என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை "ஊ" என்றாலும் சரி, கையைக் காட்டினாலும் சரி, உடனே ஊதுங்கள். கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரிகிற இடம் அது. பேச்சின் முதல் படி அதுதான்.

வீட்டில் என்ன பாஷையோ அதிலேயே பேசலாம். ஒரியாக்காரர் வீட்டில் ஒரியா, தெலுங்குக்காரர் வீட்டில் தெலுங்கு. இரண்டு பாஷை கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு கெட்டுப் போகாது.

15 நிமிஷம்

"ஷிப்ட் முடிஞ்சு வந்தா உட்காரவே தெம்பு இல்லை, இதுல எங்க விளையாடுறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். முழு நாளும் விளையாட வேண்டாம். ஒரு நாளைக்கு 15 நிமிஷம், செல்போனைத் தள்ளி வைத்து விட்டு உட்கார்ந்தால் போதும். அம்மா சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு உருண்டையைப் பிள்ளையிடம் கொடுப்பதும் கணக்கில் சேரும். அப்பா உப்பு மூட்டை தூக்கி அறைக்குள் ஒரு சுற்று சுற்றினாலும் சேரும்.

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கேட்டுப் பெற வேண்டிய வசதி இது.

உஷார்!

3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எதையும் வாயில் போடும். புளியங்கொட்டை, கோலி, பாசிமணி, பலூன் வேண்டாம். தொண்டையில் அடைத்தால் ஆபத்து. பெரிய பிள்ளை ஆடும்போதும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு ஜாண் தண்ணீர் கூடக் குழந்தையை மூழ்கடிக்கும். விளையாட்டு முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து விடுங்கள்.

காலை 11 மணி முதல் 3 மணி வரை வெயிலில் விட வேண்டாம். நுங்கு வண்டி ஓட்டம் எல்லாம் சந்துக்குள்தான். லாரி ஓடும் ரோட்டுப் பக்கமே போகக் கூடாது.

வலிப்பு வரும் பிள்ளை, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை என்றால் ஊஞ்சலோ குதிப்போ டாக்டரைக் கேட்ட பிறகுதான்.

"லேட்டாத்தான் பேசுவான்"

விளையாட்டு மட்டும் போதுமா? போதாது. ஊஞ்சல், மணல் போன்ற உணர்வுப் பயிற்சிக்கு ஆதாரம் இன்னும் குறைவு, மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2012-ல் சொல்லி இருக்கிறது. "ஒரே மாதத்தில் ஆட்டிசம் போயிடும்" என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சொல்லி ஒரு வருஷம் இரண்டு வருஷம் தள்ளிப் போடுவதுதான் பெரிய தப்பு. மூளை வேகமாக வளரும் வயது அது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்:-

* ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால்.

* ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால்.

* 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால்.

* பேசிக் கொண்டு இருந்த பிள்ளை எந்த வயதிலாவது பேச்சை நிறுத்தி விட்டால்.

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். பலர் இதை மறந்து விடுகிறார்கள்.

எங்கே போவது?

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், டாக்டர் குழுவினர் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். குறை இருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். சிகிச்சை இலவசம். குழு வரும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடந்து வருகிறது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக அங்கே 2021-ல் தனி மையம் திறக்கப்பட்டது. ஒரகடத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போகலாம். சென்னை கோட்டூர்புரத்தில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் இருக்கிறது.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில், தானே சக்கர நாற்காலியில் இயங்கும் ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் வேறு ஒரு வழி காட்டுகிறது. அந்தந்தக் கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைப் பிள்ளையின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும் ஒரகடத்துக் குடும்பங்களுக்கு இப்படி வீடு தேடி வரும் ஏற்பாடுதான் அதிகம் தேவை.

தெரபி நிபுணரிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மீதி நேரம் எல்லாம் பிள்ளை இருப்பது வீட்டில்தான். நிபுணரிடம் போகும்போது, "எங்க வீட்டில் இது இருக்கு, இதை வச்சு என்ன விளையாடலாம்?" என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பிள்ளை ஓடிப் பேசிப் பாடி விடும் என்று எண்ண வேண்டாம். ஒரு பொத்தானைத் தானே போட்டுக் கொண்டால், "அம்மா, ஊது" என்று ஒரு தடவை கேட்டால், இந்தக் கோடை லாபம்தான்!