ஐடி வேலையை விட்டுட்டு சொந்தமா தொழில் பண்ணலாமா? ராஜினாமாவுக்கு முன் போட வேண்டிய கணக்கு இதுதான்!

மேட்டுப்பாளையத்தில் இருந்து தினமும் காலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ கோவைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். சரவணம்பட்டி, பீளமேடு ஐடி நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்களும் அதில் உண்டு. "வீட்டில் இருந்தே இதே வேலையை சொந்தமா எடுத்துப் பண்ணினா என்ன?" என்ற கேள்வி அவர்களில் பலருக்கும் வருவதுதான். "மாசம் பொறந்தா வர்ற சம்பளத்தை ஏன் விடணும்?" என்று வீட்டில் கேட்பதும் வழக்கம்தான்.

இரண்டு கேள்வியுமே நியாயமானவை. பதில் ஆசையிலும் இல்லை, பயத்திலும் இல்லை, கணக்கில் இருக்கிறது.

60 ஆயிரம் சம்பளத்துக்கு 60 ஆயிரம் சம்பாதித்தால் போதுமா?

போதாது. பலரும் சறுக்குவது இங்கேதான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு பார்ப்போம். கைக்கு வரும் சம்பளம் ரூ.60,000, அடிப்படைச் சம்பளம் ரூ.32,000 என்று வைத்துக்கொள்வோம்.

* கைக்கு வரும் சம்பளம்: ரூ.60,000
* பி.எஃப் (ஊழியர், நிறுவனம் இருவரின் பங்கும் தலா 12%): ரூ.7,680
* கிராஜுவிட்டிக்காகச் சேரும் தொகை: சுமார் ரூ.1,540
* குடும்ப மருத்துவக் காப்பீடு: ரூ.2,000 என வைத்துக்கொள்ளலாம்
* லேப்டாப், இன்டர்நெட், ஆடிட்டர் செலவு: ரூ.3,000

மொத்தம் ரூ.74,220. அதுவும் 12 மாதமும் வேலை கிடைத்தால்தான். வருஷத்தில் 9 மாதத்துக்குத்தான் வேலை கிடைக்கிறது என்றால், அந்த 9 மாதமும் மாதம் ஏறக்குறைய ரூ.99,000-க்கு பில் போட வேண்டும். அப்போதுதான் பழைய நிலை.

கிராஜுவிட்டி, பி.எஃப் என்ன ஆகும்?

நிரந்தர ஊழியர் வேலையை ராஜினாமா செய்தால், 5 ஆண்டு தொடர் சேவை இருந்தால்தான் கிராஜுவிட்டி. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. மேலே சொன்னவருக்கு 5 ஆண்டு முடிந்தால் சுமார் ரூ.92,300 கிடைக்கும். 4 ஆண்டு முடித்துவிட்டு அவசரப்பட்டால் இந்தப் பணம் போச்சு.

பி.எஃப் பணத்தை உடனே எடுத்தே ஆக வேண்டும் என்பது இல்லை. 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி வரும். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு

வேலை போன அன்றே நிறுவனத்தின் குழுக் காப்பீடும் போய்விடும். வீட்டில் அப்பா, அம்மாவுக்கு சுகர், பிரஷர் இருந்தால் இதுதான் பெரிய ஆபத்து. புது பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே தனி பாலிசி எடுத்துவிடுவது நல்லது. குழுக் காப்பீட்டில் இருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கடன் எண்ணம் இருக்கா?

அப்படியென்றால் ராஜினாமாவுக்கு முன்பே முடிவெடுங்கள். மாதச் சம்பளக்காரரிடம் வங்கி பொதுவாகக் கேட்பது சில மாத சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் செய்பவரிடம் 2, 3 ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி

ஐடி, இன்ஜினீயரிங், கணக்கு போன்ற குறிப்பிட்ட தொழில் செய்பவர்களுக்கு உத்தேச வருமான முறை இருக்கிறது. ஆண்டு வரவு ரூ.50 லட்சம் வரை இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ரூ.75 லட்சம் வரை இந்த வசதி உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

பில் போட்டும் பணம் வரலைன்னா?

தனியாகத் தொழில் செய்பவர்களின் பெரிய தலைவலி இது. 'உத்யம்' பதிவு இலவசம். சிறு தொழில் சட்டம் 2006-ன்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இதற்கென உள்ள கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

வேலையில் இருந்துகொண்டே ஆரம்பிக்கலாமா?

ஆர்டர் வருமா என்று சோதிக்க அதுதான் பாதுகாப்பான வழி. ஆனால் வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக 2022-ல் விப்ரோ அறிவித்தது நினைவிருக்கலாம்.

கோவைக்கு இது புதுசு இல்லை

ஜி.டி.நாயுடு கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர். மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரு பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். சேமிப்பும் கைத்தொழிலும் முதலில், பஸ் பிறகுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எப்போது விடலாம்?

* வீட்டுச் செலவு, இஎம்ஐ சேர்த்து மாதம் ரூ.45,000 ஆகிறது என்றால், 9 மாதத்துக்கு ரூ.4.05 லட்சம் தனியாக கையில் இருக்க வேண்டும்.
* பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒரே ஒருவரை நம்பிப் போனால் அதுவும் ஒரு வேலைதான், பி.எஃப் இல்லாத வேலை.
* குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும்.
* இத்தனை மாதத்துக்குள் இவ்வளவு வரவில்லை என்றால் மறுபடி வேலைக்குப் போவேன் என்று ஒரு தேதியை வீட்டில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

நான்குக்கும் 'ஆமா' என்றால் ராஜினாமா கடிதம் எழுதலாம். ஒன்று குறைந்தாலும் கனவை விட வேண்டியதில்லை. அந்த ஒன்றைச் சரிசெய்யும் வரை சம்பளத்தை விடாமல் இருந்தால் போதும்.