கூலி என்பது பணமா, ஆளா?

அல்சூர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கி முடித்தவர், தலைத்துண்டை உதறிக்கொண்டு கடைக்காரரிடம் "கூலி" கேட்கிறார். அது பணம். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும் பயணி "கூலி!" என்று குரல் கொடுக்கிறார். அது சிவப்புச் சட்டை போட்ட ஆள்.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தது எப்படி?

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். உழைப்பவர் கூலியாள், அல்லது கூலிக்காரர். கன்னடத்திலும் அப்படியே. அல்சூர் ஏரிக்கரையில் 2009-ம் ஆண்டு சிலையாகத் திறந்து வைக்கப்பட்ட திருவள்ளுவரும், 619-வது குறளில், முயற்சிக்கு உடல் வருந்திய அளவுக்குக் கிடைக்கும் பலனைத்தான் கூலி என்கிறார்.

இந்தச் சொல் போர்த்துக்கீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது "ஆள்" உதிர்ந்துவிட்டது. கூலியே ஆளின் பெயராகிவிட்டது என்பார்கள். குஜராத்தின் கோலி என்ற இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. 1886-ல் யூல், பர்னெல் இருவரும் தொகுத்த "ஹாப்சன்-ஜாப்சன்" அகராதி இரண்டையும் பேசுகிறது.

கடல் கடந்த வசை

1860 நவம்பர் 16-ந்தேதி சென்னையிலிருந்து சென்ற "ட்ரூரோ" கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள். பிறகு அங்கே இந்தியர் அனைவருமே "கூலி" ஆனார்கள். கோட்டும் டையும் அணிந்த காந்தியடிகளும் "கூலி பாரிஸ்டர்"தான்! தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது வசைச் சொல். மொரீஷியஸில் தொழிலாளர்கள் இறங்கிய "கூலி காட்" படித்துறைக்கு 1987-ல் "ஆப்ரவாசி காட்" என்று பெயர் மாற்றினார்கள். ஆப்ரவாசி என்றால் குடியேறி வந்தவர்.

நம் நாட்டு சினிமா மட்டும் இந்தப் பெயருக்குக் கூச்சப்படவில்லை. அமிதாப் பச்சன் 1982-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படுகாயமடைந்தது "கூலி" படப்பிடிப்பில்தான். 2025-ல் ரஜினிகாந்தும் அதே பெயரில் நடித்துவிட்டார்.

2016 ரயில்வே பட்ஜெட்டில், சுமை தூக்குவோரை இனி "சகாயக்" என்று அழைக்கவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. உதவியாளர் என்று பொருள். பயணிகள் நாவில் அது இன்னும் ஏறவில்லை. விவரம் தெரிந்தவர்கள் "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். பெட்டியை ஆட்டோவில் வைத்துவிட்டு அவர் கேட்பது என்னவோ கூலிதான்.