தனித்தொழிலும் ஓயாப் பயணமும்



சில திங்களுக்கு முன்பு, என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அவர் ஒலிப்பதிவுத் துறையில் பயிற்சி பெற்றவர். திங்கள்தோறும் ஊதியம் தரும் வேலை ஒன்று அவர் கையில் இருந்தது. தங்கையின் கல்லூரிச் செலவு அவர் தோளில் இருந்தது. அவ்வேலையை விடுத்து, எவருக்கும் கட்டுப்படாமல் தனித்தியங்கும் இசைப்பதிவுத் தயாரிப்பாளராக வேண்டும் என்பது அவருடைய அவா. "ஐயா, இது துணிவா, அறியாமையா?" என்று கேட்டார்.

மாதக் கடைசியில் தவறாமல் சம்பளம் வாங்கியே முதுமை எய்திய என்னைப் போன்றவன் இவ்வினாவிற்கு விடை கூறுவது எளிதன்று. ஆதலின், அவ்வழியில் நடந்து காட்டிய ஒருவருடைய வாழ்க்கையை அவருக்கு எடுத்துரைத்தேன். அதனையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

முதலில், இசைப்பதிவுத் தயாரிப்பாளர் என்பவர் யார்? திரைப்படத் தயாரிப்பாளர் பொருள் முதலீடு செய்பவர் என்பதை நாம் அறிவோம். இவர் அத்தகையவர் அல்லர். திரைப்பட இயக்குநரோடு ஒப்பிடத்தக்கவர். பாடகர் பாடுகிறார்; கருவியாளர் வாசிக்கிறார்; ஒலிப்பொறியாளர் அவ்வொலியைப் பதிவு செய்கிறார். எந்தப் பாட்டை எடுப்பது, எவ்வளவு விரைவில் பாடுவது, எந்தக் கருவியைச் சேர்ப்பது, எத்தனையாவது முறை பாடியதை ஏற்றுக்கொள்வது என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவரே தயாரிப்பாளர். பாடகரின் மனத்தில் அரைகுறையாக இருக்கும் எண்ணத்தைக் காதுக்கு இனிய முழு வடிவமாக ஆக்கித் தருவது அவர் கடமை. நல்லாசிரியர் மாணவனுக்காகத் தாமே தேர்வு எழுதுவதில்லை. ஆயினும் அவரின்றி அவன் தேறுவதில்லை. தயாரிப்பாளரின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே.

நான் கூறவந்த பெரியவர் ஜார்ஜ் மார்ட்டின். இவர் 1926-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்த பின், இலண்டனிலுள்ள கில்டுஹால் இசைப்பள்ளியில் முறைப்படி இசை பயின்றார். 1950-இல் ஈ.எம்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த பார்லபோன் என்னும் இசைத்தட்டுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார்; 1955-இல், தம் இருபத்தொன்பதாம் வயதில், அப்பிரிவின் தலைவரானார். செவ்வியல் இசை, நகைச்சுவைப் பேச்சு, நாடகப் பாடல் என்று பலவகைத் தட்டுகளை வெளியிட்டார். 1962-இல், பிற நிறுவனங்கள் ஏற்க மறுத்த நான்கு இளைஞர் குழு ஒன்றை ஏற்றுக்கொண்டார். அக்குழுவே பின்னர் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் ஆகும்.

1963-ஆம் ஆண்டில், மார்ட்டின் உருவாக்கிய இசைத்தட்டுகள் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முப்பத்தேழு வாரங்கள் முதலிடத்தில் நின்றன. நிறுவனம் பெரும்பொருள் ஈட்டியது. ஆனால், மார்ட்டினுக்குக் கிடைத்ததோ குறித்த ஊதியம் மட்டுமே. விற்ற தட்டுகளின் எண்ணிக்கைக்கேற்ப வரும் பங்கினை ராயல்டி என்பர். அத்தகைய பங்கு எதுவும் அவருக்கு இல்லை. நெடுநாள் வாதாடியும் மனநிறைவு தரும் முடிவு கிட்டவில்லை. எனவே 1965-இல் அவர் வேலையைத் துறந்து, வேறு மூன்று தயாரிப்பாளர்களுடன் சேர்ந்து ஏ.ஐ.ஆர். என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினார். சுதந்திரமான ஒலிப்பதிவாளர்களின் கூட்டு என்பதே அப்பெயரின் கருத்து.

இதன் விளைவு யாது? நேற்றுவரை தலைவராக வீற்றிருந்த அதே ஒலிப்பதிவுக் கூடத்திற்குள், இன்று வெளியாளாக நுழைந்து பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைத் தொடர்ந்து பதிவு செய்தார். பணி ஒன்றே; உறவு வேறாயிற்று. இனி வேலை இருந்தால் வருவாய், இன்றேல் இல்லை. ராயல்டியும் நாள்தோறும் வருவதன்று. பொதுவாக அரையாண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பர். முன்பணம் வாங்கியிருந்தால் அதனைக் கழித்துக்கொண்டே மீதியைத் தருவர். இன்று விதைத்ததை என்று அறுப்போம் என்று அறியாத உழவரைப் போன்றவர் தனித்தொழிலாளர். அதனால், வரும் பணி எதனையும் மறுக்க அவருக்கு மனம் துணிவதில்லை. ஒருவரிடமிருந்து விடுதலை பெற்றவர், பலருக்கு ஒரே நேரத்தில் விடையிறுக்க வேண்டியவராகிறார்.

இதற்கு ஒரு சான்று கூறுவேன். 1967-ஆம் ஆண்டு, பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி தம் பாடல் ஒன்றிற்கு நரம்புக் கருவிகளின் இசைக்குறிப்பை உடனே எழுதித் தருமாறு மார்ட்டினை வேண்டினார். அன்று வேறொரு பாடகியின் ஒலிப்பதிவுக்கு மார்ட்டின் முன்னரே ஒப்புக்கொண்டிருந்தார். மெக்கார்ட்னி காத்திருக்கவில்லை, வேறொருவரைக் கொண்டு எழுதுவித்துவிட்டார். மார்ட்டின் உள்ளம் நொந்தார். எனினும், பிறர் எழுதிய அக்குறிப்பைக் கையிலெடுத்துக் கருவியாளர்களைத் தாமே நடத்தி, அப்பாடலைச் செவ்வனே முடித்துக் கொடுத்தார். தன்மானம் புண்பட்ட வேளையிலும் பணி பழுதுபடலாகாது என்னும் இவ்வுறுதியே அவரை உயர்த்தியது எனலாம்.

இனி, பயணத்தைப் பற்றிக் கூறுவேன். தனித்தியங்கும் தயாரிப்பாளர் ஏன் ஊர் ஊராகச் செல்ல வேண்டும்? கலைஞர்கள் ஓரிடத்தில் இல்லை என்பது முதற்காரணம். ஒவ்வொரு கூடத்திற்கும் ஒவ்வொரு வகை ஒலித்தன்மை உண்டு என்பது இரண்டாவது. நகரத்தின் அழைப்புகளும் விருந்துகளும் இல்லாத தொலைவிடத்தில் கலைஞரின் மனம் ஒருமுகப்படும் என்பது மூன்றாவது. அமெரிக்கா என்னும் பெயருடைய குழுவுக்காக மார்ட்டின் ஆற்றிய பணியே இதனை விளக்கும். அக்குழுவின் இசைத்தட்டை 1974-இல் இலண்டனில் பதிவு செய்தார். அடுத்த தட்டுக்குக் கலிபோர்னியாவிலுள்ள சாசலிட்டோவிற்குச் சென்றார். அதற்கடுத்ததற்குக் கொலராடோ மலைப்பகுதியிலிருந்த ஒரு பண்ணைக் கூடத்திற்கும், பின்னர் பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவிற்கும் சென்றார். இலண்டன்வாசி ஒருவருக்கு இப்பயணங்கள் எத்தகைய அலைச்சலைத் தந்திருக்கும் என்பதை நிலப்படத்தைப் பார்த்தே நீங்கள் உணரலாம்.

ஊர் ஊராகச் செல்வதைவிட, கலைஞர்கள் விரும்பி வந்து தங்கும் ஓரிடத்தைத் தாமே அமைக்கலாகாதா என்று எண்ணினார் போலும். 1979-இல் கரீபியக் கடலிலுள்ள மான்செராட் என்னும் சிறு தீவில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நிறுவினார். சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய அத்தீவிற்கு உலகின் புகழ்பெற்ற இசைஞர் பலர் வந்து தங்கிப் பாடினர். ஆயின், 1989 செப்டம்பரில் ஹியூகோ என்னும் பெரும்புயல் தீவைச் சூறையாடியது. கூடம் மூடப்பட்டது, மீண்டும் திறக்கப்படவே இல்லை. 1995-இல் அத்தீவின் எரிமலை சீறத் தொடங்கியது. தலைநகரமாகிய பிளிமத் சாம்பலில் புதைந்தது. மக்களிற் பெரும்பாலோர் தீவை விட்டு வெளியேறினர். தம் கூடம் போயிற்றே என்று மார்ட்டின் அத்தீவை மறந்துவிடவில்லை. 1997-இல் இலண்டனில் பெரிய இசைநிகழ்ச்சி ஒன்றை நடத்தி நிதி திரட்டினார். அம்மக்களுக்காகக் கட்டிய பண்பாட்டு மன்றம் 2007-இல் திறக்கப்பட்டது.

இவ்வாழ்க்கைக்கு அவர் கொடுத்த விலை மற்றொன்றும் உண்டு. 1970-களின் நடுவில், மிக உயர்ந்த அதிர்வெண்ணுடைய ஒலிகள் தமக்குக் கேட்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆண்டுக்கணக்காக உரத்த ஒலியை நெடுநேரம் கேட்டதே அதற்குக் காரணம் என்று அவரே கருதினார். உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் உரத்த ஒலியால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் தம் மைந்தர் ஜைல்ஸ் என்பவரின் செவியைத் துணையாகக் கொண்டே அவர் பணியாற்ற நேர்ந்தது. செவியால் வாழ்ந்தவர் செவியையே இழந்தார். காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு நாள் முழுதும் உரக்கப் பாட்டுக் கேட்கும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மார்ட்டின் 2016 மார்ச்சு 8-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

அவர் காலத்தில் பதிவு நாடாக்களைப் பெட்டியில் வைத்துச் சுமந்து சென்றனர். இன்றோ, பதிவு செய்த ஒலியை இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பலாம். மடிக்கணினி ஒன்றே ஒலிப்பதிவுக் கூடமாகிறது. ஆயினும் தயாரிப்பாளரின் பயணம் நின்றுவிடவில்லை. ஒலியை அனுப்பலாம், நம்பிக்கையை அனுப்ப இயலுமோ? தயங்கி நிற்கும் பாடகரின் எதிரே அமர்ந்து, "இன்னும் ஒருமுறை பாடுங்கள்" என்று கூற ஒருவர் நேரில் இருத்தல் நன்று.

என் மாணவர் இவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்டார். இறுதியாக நான் கூறியது இதுதான்: "மார்ட்டின் வேலையை விட்டது உண்மை. ஆனால், பதினைந்து ஆண்டுகள் தொழிலைக் கற்றுத் தேர்ந்த பின்னரே விட்டார். தனியே செல்லாமல் மூவரைத் துணைகொண்டு சென்றார். அவர் கோபத்தை மட்டும் பார்க்காதே, ஆயத்தத்தையும் பார்."

அவர் அன்று விடை ஒன்றும் கூறவில்லை. சென்ற வாரம் மடல் எழுதியிருந்தார். தங்கையின் படிப்பு முடியும்வரை வேலையில் இருக்கப்போவதாகவும், விடுமுறை நாட்களில் நண்பர்கள் இருவருடன் சிறு பணிகளை ஏற்று வருவதாகவும், வருவாயில் ஒரு பகுதியைத் தனியே சேர்த்து வைப்பதாகவும் அதில் குறித்திருந்தார். அவர் என்றேனும் ஒரு நாள் தம் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவார் என்றே நான் நம்புகிறேன். அன்று அவர் செல்லும் ஊர் எதுவாயினும், சென்று சேரும் வழியை அறிந்தவராகவே செல்வார்.