கொழும்பின் காலைச் சைவக்கடை

கொழும்பில் சைவக்கடை என்பது மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்பேறாத தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகைக்கடைகளும் புடைவைக்கடைகளும் கதவு திறக்க இன்னும் சில மணி நேரம் இருக்கும்போதே இந்தக் கடைகளில் தோசைக்கல் சூடேறிவிடும். வாசலில் கண்ணாடி அலுமாரி. அதற்குள் உழுந்து வடை, கடலை வடை, போண்டா, சூசியம். பக்கத்தில் முதலாளியின் காசு மேசை, அதற்கு மேலே ஊதுபத்தி மணக்கும் பிள்ளையார் படமோ லட்சுமி படமோ இருக்கும். உள்ளே நெருக்கமாகப் போட்ட மேசைகள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்து போகிறவரும் குடும்பத்தோடு வந்து நெய்த்தோசை கேட்கிறவரும் அருகருகேதான் உட்கார வேண்டும்.

இந்தத் தொழிலை இரண்டு வகையான ஆட்கள் வளர்த்தார்கள். பிரித்தானியர் காலத்தில் துறைமுகத்தையும் புறக்கோட்டை வியாபாரத்தையும் நம்பித் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு சாரார். இட்லி, சாம்பார், மசாலாத் தோசை எல்லாம் அவர்கள் கைப்பக்குவம். மற்றவர்கள் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியார். புங்குடுதீவு போன்ற ஊர்களில் விளைநிலமும் நல்ல தண்ணீரும் குறைவு. அதனால் அங்குள்ளவர்கள் இளம் வயதிலேயே புறப்பட்டுப் போய், தென்னிலங்கையில் சாப்பாட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் வைத்துப் பெயரெடுத்தார்கள். ஒரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்து, தொழில் பழகி, பிறகு சொந்தக் கடை போட்டு, ஊரிலிருந்து அடுத்த பையனை அழைப்பதுதான் வழக்கம். இன்று வேலைக்கு நிற்பவர்களில் பலர் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள்.

வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்த்தது ரயில். 1905இல் வடக்குப் பாதை காங்கேசன்துறை வரை போய்ச் சேர்ந்த பிறகு, அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள் பெருகினார்கள். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து இன்னும் கூடியது. குடும்பம் ஊரில், உத்தியோகம் கொழும்பில் என்று அறையெடுத்துத் தங்கிய இந்த ஆண்களுக்கு வீட்டுக் கைமணத்துக்கு அடுத்தது சைவக்கடைதான். பம்பலப்பிட்டிக் காலி வீதியின் சரஸ்வதி லொட்ஜ், அதே பகுதியில் ஷ்ரபரி கார்டன்ஸில் இருக்கும் கிரீன்லண்ட்ஸ் ஆகியவை இந்த வரிசையில் பெயர்பெற்றவை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வடக்கில் தேநீர்க் கடைக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய முடியாத காலம் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கடை வாசலில் வேறு குவளை வைத்தார்கள், அல்லது போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்பும் இது ஒழியவில்லை. 1960களின் பிற்பகுதியில் கோயில் நுழைவோடு சேர்த்துத் தேநீர்க்கடை நுழைவுக்கும் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தது. கொழும்பிலோ பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாமலே ஒரே மேசையில் சாப்பிட வேண்டிய நிலை. ஒரு தோசையை ஒன்றாக இருந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கே முழுதாக விளங்கும்.

இந்தக் கடைகள் அடியும் வாங்கியவை. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் கடைகள் வரிசையாக எரிக்கப்பட்டன. போர்க்காலத்தில் கடவுச்சீட்டுக்கும் வீசாவுக்கும் மருத்துவத்துக்குமாக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து லொட்ஜ்களில் தங்கியவர்களுக்குச் சமைக்க இடமில்லை, சைவக்கடைதான் அடுக்களை. 2007 ஜூன் 7ஆம் தேதி பொலிசார் அப்படித் தங்கியிருந்தவர்களில் 376 பேரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. இத்தனைக்குப் பிறகும் கடைகள் இருக்கின்றன என்பது சின்ன விஷயமல்ல.

வெள்ளவத்தையின் காலை யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ்களோடு தொடங்குகிறது. விடியப்புறம் காலி வீதியில் இறங்குகிறவர்கள், கையில் பையும் கண்ணில் தூக்கமுமாக, முதல் தேத்தண்ணிக்கு இங்கேதான் வருவார்கள். அவர்களுக்குப் பிறகு சந்தைக்கு வந்தவர்கள், கடற்கரையோரம் நடந்துவிட்டு வரும் முதியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பார்சல் கட்டுவிக்கும் தாய்மார், எட்டு மணிக்குப் பிறகு அலுவலகக்காரர். இராமகிருஷ்ண வீதியில் இருக்கும் ஷண்முகாஸ் போன்ற பெரிய உணவகங்களில் குளிரூட்டிய மண்டபமும் நீண்ட பட்டியலும் உண்டு. குறுக்கு வீதிகளில் இருக்கும் சிறு கடைகளுக்குப் பட்டியலே கிடையாது, எது இருக்கிறதென்று பரிமாறுகிறவர் வாயால் சொல்லிவிடுவார். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இதே வட்டாரத்தில்தான். அங்கே கூட்டத்துக்கு வருகிறவர்களின் பேச்சு, முடியாமல் வந்து தொடர்வது இந்த மேசைகளில்.

கொட்டாஞ்சேனையின் காலை வேறு மாதிரி. துறைமுகமும் புறக்கோட்டையும் கிட்ட இருப்பதால் இங்கே அவசரம் கூட. மூட்டை சுமப்பவர்கள், லொறிச் சாரதிகள், மொத்தக் கடைச் சிப்பந்திகள் நின்ற நிலையில் வடையும் தேநீரும் முடித்துக்கொண்டு ஓடுவார்கள். சென் லூசியாஸ் பேராலயமும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், கருங்கல்லால் ஆன பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் ஜம்பட்டா வீதி முத்துமாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் வந்தவர்களும் வெள்ளிக்கிழமை சிவன் கோயிலுக்கு வந்தவர்களும் ஒரே கடையில் பசியாறுவார்கள். பாணும் சம்பலும் வாங்கப் பேக்கரி பக்கத்தில் இருந்தாலும், தோசை தின்னும் ஆசைக்குச் சைவக்கடைக்குத்தான் வர வேண்டும்.

இனிச் சாப்பாடு. சைவக்கடைத் தோசை இரு வகைப்படும். அரிசியும் உழுந்தும் அரைத்து மெல்லிசாக வார்த்து முறுகவிடுவது தமிழகத்து வழி. உழுந்தை வெந்தயத்தோடு ஊறவைத்து அரைத்து, கோதுமை மாவும் கலந்து புளிக்கவிட்டு, மஞ்சளும் தாளிதமும் சேர்த்துச் சுடுவது யாழ்ப்பாணத் தோசை. இது தடிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும், மேற்பக்கம் கண்கண்ணாகப் பூத்திருக்கும். மடித்துக் கிள்ளினால் பஞ்சுபோல வரும். முறுகல் தோசைக்குச் சாம்பார் பொருந்தும். யாழ்ப்பாணத் தோசைக்குச் செத்தல் மிளகாய் இடித்த சிவப்புச் சம்பல்தான் பொருத்தம். இரண்டையும் கலந்து உண்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை.

தோசைக்கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். தோசை சுடுகிறவர் கல் முழுவதும் தண்ணீர் தெளித்து, அது சீறி அடங்கும் முன்னே ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரே வீச்சில் வழித்துவிடுவார். கரண்டி மாவை நடுவில் ஊற்றி உள்ளிருந்து வெளியே சுற்றிக்கொண்டு போவார். ஓரம் சிவந்து தானாகக் கிளம்பும்வரை தட்டகப்பையை வைக்கமாட்டார். கல் அதிகம் சூடாக இருந்தால் மா பரவாமல் ஒட்டிக்கொள்ளும், சூடு குறைந்தால் தோசை வெளிறிப்போகும். தண்ணீர் தெளிப்பது இந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தத்தான்.

இடியப்பமும் பிட்டும் நீராவிச் சமையல். சிவப்பரிசி மாவையோ அவித்த கோதுமை மாவையோ கொதிநீரில் குழைத்து உரலில் பிழிந்து தட்டில் அவிப்பது இடியப்பம். மாவை உதிரி உதிரியாகக் குழைத்துத் தேங்காய்ப்பூவோடு குழலிலோ நீத்துப்பெட்டியிலோ அவிப்பது பிட்டு. இரண்டுக்கும் சொதி வேண்டும். தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டுக் கொதி வந்ததும் இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுவார்கள். புளியை அடுப்பில் இருக்கும்போதே விட்டால் பால் திரைந்துவிடும். சொதி நன்றாக அமைந்த கடையில் மற்றவையும் நன்றாக இருக்கும் என்று நம்பி உட்காரலாம்.

குடிக்கக் கிடைப்பவற்றில் முதலிடம் தேத்தண்ணிக்கு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கிய பயிர், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பில் மலைநாடெங்கும் பரவியது. கடைகள் பாவிப்பது பெரும்பாலும் தூள் தேயிலை. அது விரைவில் சாயம் இறங்கும், கடுப்பாகவும் இருக்கும். நீண்ட துணி வடியில் தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி, சாயத்தை இரண்டு குவளைகளுக்கிடையே உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஆற்றுவார்கள். சீனி கரைவதற்கும் சூடு தணிவதற்கும் நுரை எழுவதற்கும் அந்த ஓர் அசைவே போதும். பால் சேர்க்காத பிளேன்டீயில் இஞ்சி தட்டிப் போடச் சொல்லலாம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பது யாழ்ப்பாண வழக்கம். பால் தேநீருக்குப் பல கடைகளில் பால்மாதான், சிலவற்றில் டின்பால். பாலுக்காக நாடு பெரிதும் நம்பியிருப்பது இறக்குமதிப் பால்மாவைத்தான். மல்லி, சுக்குச் சேர்த்து வறுத்து இடித்த கோப்பியும் சில இடங்களில் கிடைக்கிறது. தடிமன் பிடித்தவர்கள் கொத்தமல்லித் தண்ணீர் கேட்பார்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டில் வடைகள் மேசைக்கு வரலாம். அதைக் கண்டு புதியவர் தயங்க வேண்டியதில்லை. எடுத்ததற்கு மட்டுமே கணக்கு, மிச்சம் அலுமாரிக்குத் திரும்பிவிடும். சாம்பாரும் சம்பலும் வாளியோடு வரும், மறுபடி கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். பரிமாறுகிறவரை வயதுக்கேற்ப ‘தம்பி’ என்றோ ‘அண்ணை’ என்றோ கூப்பிடுவது வழக்கம். விரல் சொடுக்குவது மரியாதையல்ல. முன்பு தட்டின்மேல் மெல்லிய பொலித்தீன் தாள் விரித்துப் பரிமாறினார்கள். 2017 செப்டம்பரில் அத்தகைய தாளுக்குத் தடை வந்தது. வாழையிலையில் உண்ணக் கிடைத்தால் அது பாக்கியம்.

விலைவாசிதான் இன்றைய பெரிய கவலை. 2020இல் அந்நியச் செலாவணியைச் சேமிக்கவென்று உழுந்து, மஞ்சள் உட்படப் பல பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. உழுந்து விலை பல மடங்காகி, வடை சிறுத்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமல் சில கடைகள் விறகுக்குத் திரும்பின, சில மூடப்பட்டன. அந்த மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாவானபோது ஒரு பால் தேநீர் 100 ரூபாவைத் தொட்டது. காலைச் சாப்பாட்டை ஒரு வடையோடு முடித்துக்கொண்ட தொழிலாளர்களை அப்போது எந்தக் கடையிலும் காண முடிந்தது. இதற்கிடையே மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த புதிய கபேக்கள் பெருகிவிட்டன. இளைஞர்கள் அங்கே போவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு கூலித் தொழிலாளியும் ஒரு வைத்தியரும் தோளுரச உட்காரும் இடம் அவை ஆகிவிடவில்லை.

முதன்முறை போகிறவர்கள் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் போவது நல்லது. பத்து மணியானால் தோசைக்கல் ஓய்ந்து, மதியச் சோற்றுக்குப் பானை ஏறிவிடும். வெள்ளிக்கிழமைகளிலும் போயா எனப்படும் முழுநிலா நாட்களிலும் கூட்டம் அதிகம், இடத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். கையில் சில்லறை இருக்கட்டும். பட்டியலைத் தேடாமல், ‘இப்ப என்ன சூடாக இருக்கு, தம்பி?’ என்று கேட்டு, அவர் சொல்வதையே சாப்பிடுங்கள்.