வணிகர் மலையில் ஒரு நாள்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் கீரனூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், மேற்கே கருங்கற் குன்றுகள் கூட்டமாக எழுந்து நிற்பதைக் காணலாம். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொன்மலை எனக் குன்றுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அவற்றின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூரே நார்த்தாமலை.

இன்று அமைதியான கிராமமாகக் காட்சி தரும் இவ்வூர், ஒரு காலத்தில் பெரும் வணிக நகரம். 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலை என மருவிற்று என்பர். தெலுங்ககுலகாலபுரம் என்னும் பெயரும் இதற்கு இருந்தது. இங்கு வாழ்ந்த வணிகர்கள், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற மாபெரும் வணிகக் குழுவோடு தொடர்புடையவர்கள். அக்குழுவினரின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, கடல் கடந்த சுமத்திராத் தீவின் பாரூஸில் கிடைத்துள்ளது.

அந்த வணிக உலகில் நம் முன்னோருக்கும் இடம் இருந்தது. 849-இல் எழுதப்பட்ட கொல்லம் செப்பேட்டில், சாட்சியமளித்தோரின் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும் காணப்படுகின்றன. அச்செப்பேட்டில் இடம்பெறும் 'அஞ்சுவண்ணம்' என்பது மேற்கு ஆசியாவிலிருந்து வந்த வணிகர் குழு. பிற்காலத் தமிழகக் கல்வெட்டுகளில் வரும் அஞ்சுவண்ணத்தார் முஸ்லிம் வணிகரே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே, நார்த்தாமலையின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

மேலமலையின் சரிவில் நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கற்கோயிலின் கருவறை வட்ட வடிவமானது. ஒருவர் கட்டியது மழையால் சிதைய, மற்றொருவர் அதனைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு உரைக்கிறது. அருகில் இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று 'சமணர் குடகு'. அதன் பெயரே பழைய சமணத் தொடர்பை நினைவூட்டுகிறது. பின்னாளில் அது வைணவக் கோயிலாயிற்று. மற்றொன்று, முத்தரையர் தலைவர் சாத்தன் பழியிலி குடைவித்தது. அவருடைய மகள் பழியிலி சிறிய நங்கை அதற்கு முன்மண்டபம் எடுப்பித்தார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணியின் அறக்கொடை அவர் பெயராலேயே பதிவாகியிருப்பது கருதத்தக்கது.

நம் வழிபாட்டு முறை வேறு, கொள்கை வேறு. எனினும், பிறர் போற்றும் இடத்திற்குச் செல்லும்போது கண்ணியம் காப்பது நம் கடமை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை நம்மைத் தூண்டுகிறது. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று நோக்குமாறும் அது கேட்கிறது. பாறைச் சுனைகளில் தேங்கிய மழைநீரும், முட்புதர்களுக்கிடையே திரியும் பறவைகளும், மலைமீதிருந்து தெரியும் ஏரிகளும் படைத்தவனின் வல்லமையை நினைவூட்டாமல் இரா.

கடலை ஆண்ட அவ்வணிகர்களின் மாளிகைகள் எங்கே? கிடங்குகள் எங்கே? பெருஞ்செல்வம் எங்கே? எதுவும் எஞ்சவில்லை. கொடுத்தவை மட்டுமே கல்லில் நிலைத்துள்ளன. வாணிபத்தையே வாழ்வாகக் கொண்ட நம் குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த படிப்பினை வேறென்ன வேண்டும்?

ஆனால், அக்கல்லுக்கும் ஆபத்து உண்டு. புதுக்கோட்டைச் சீமையின் குன்றுகள் பல, கல்குவாரிகளில் உடைபட்டுச் சல்லியாகிவிட்டன. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று 1992-இல் அறிவிக்கை வந்தது. 2010-இல் அது சட்டத்திலேயே இடம்பெற்றது. எனினும், அந்த எல்லைக்கு வெளியேயுள்ள குன்றுக்கு அச்சட்டத்தின் காவல் இல்லை. உடைத்த மலையை மீண்டும் நாட்ட மனிதனால் இயலாது. வீடு கட்டக் கல் வேண்டும் என்பது உண்மையே. தேவைக்கும் பேராசைக்கும் இடையிலுள்ள வரம்பை மறந்துவிடலாகாது என்பதும் உண்மையே. வீண்விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை.

விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் மலையேறிவிடுவது நல்லது. குடிநீரும், ஒளூச் செய்யத் தண்ணீரும், தொழுகை விரிப்பும் உடன் இருக்கட்டும். சுனையில் குப்பையை எறியாதிருக்கவும், பாறையில் தம் பெயரைக் கிறுக்காதிருக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெயர் நிலைக்க வேண்டுமானால் அதற்குரிய வழி எது என்பதை, பழியிலி சிறிய நங்கையின் கல்வெட்டைக் காட்டி விளக்குங்கள்.