மாரல் சயின்ஸ் பீரியட்

போன வாரம் ஆங்கிலோ இந்திய டீச்சர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பேசியவர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: “அந்த டிசிப்ளின் இப்போ எங்க சார் இருக்கு?”

எனக்கு அந்த டிசிப்ளின்மீது அவ்வளவு காதல் கிடையாது. தமிழில் பேசினால் பத்துப் பைசா அபராதம், நகம் வளர்ந்திருந்தால் விரல் மொழியில் ஸ்கேல் அடி, கேன்வாஸ் ஷூ வெளுப்பாக இல்லையென்றால் அசெம்பிளியில் தனி வரிசை. இதெல்லாம் இல்லாமலும் எங்களுக்கு இங்கிலீஷ் வந்திருக்கும். நினைத்துப் பார்க்கத் தக்கது வேறொன்று. டைம் டேபிளில் அதன் பெயர் மாரல் சயின்ஸ்.

மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு எழுந்து போவார்கள். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் வந்த நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே நல்ல பிள்ளைகளாவோம். கண்டெடுத்த பர்ஸைத் திருப்பிக் கொடுத்த ரிக்‌ஷாக்காரர் கதையைக் கேட்டு, நான்கு வரி எழுதி, பக்கத்தில் ஒரு படம் ஒட்டினால் போதும். அவர்கள் பாடு கஷ்டம். கட்டளைகள் பத்து, திருவருட்சாதனங்கள் ஏழு, எல்லாம் மனப்பாடம். ஆனால் புதுநன்மை வாங்கும் நாளில் வெள்ளை உடை, கையில் மெழுகுவர்த்தி, வீட்டில் பிரியாணி என்று மொத்தமாக எங்களைப் பழிவாங்கிவிடுவார்கள். எங்கள் பக்கம் அதற்கு ஈடாக எவனாவது பூணூல் போட்டுக்கொண்டு மொட்டைத் தலையும் குடுமியுமாக வந்து ஒரு வாரத்துக்குக் கேலியைச் சம்பாதிப்பான்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று காலைப் பூசைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளின் நெற்றியில் சாம்பல் இருக்கும். எங்களில் பாதிப் பேர் நெற்றியில் கபாலி கோயில் விபூதி. மற்ற நாட்களில் “போய் முகம் கழுவிண்டு வா” என்று எங்கள் வீட்டுப் பாஷையிலேயே நக்கலாகச் சொல்லும் சிஸ்டர், அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். வருஷத்தில் அந்த ஒரு புதன்கிழமை எங்களுக்குப் பெரிய வெற்றி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் இன்னொரு லாபம். அவர்கள் டப்பாவில் கறி வராது. மற்ற நாளில் யாரும் சீண்டாத எங்கள் தயிர்சாதத்துக்குத் திடீர் மவுசு வந்துவிடும்.

இந்த இரண்டு உலகமும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நடந்தன என்பது பின்னால் புரிந்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். கபாலீசுவரர் கோயில் பிரம்மோற்சவம் அதற்கு முந்தைய நாட்களில். ஆகவே அறுபத்துமூவர் ஊர்வலமும் புனித வெள்ளியும் பல வருடங்களில் அடுத்தடுத்து வந்துவிடும். 2025இல்கூட ஏப்ரல் 11 பங்குனி உத்திரம், சரியாக ஒரு வாரம் கழித்துப் புனித வெள்ளி. எங்களுக்கோ நடுவில் முழுப் பரீட்சை. கச்சேரி சாலையின் மேற்கு முனையில் அறுபத்துமூவர் பார்க்க வந்த கூட்டம், கிழக்கு முனையில் சிலுவைப்பாதை, இடையில் புவியியல் நோட்டோடு நாங்கள். இந்த ஒத்திசைவை எந்த டீச்சரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய கபாலி கோயில் கடற்கரையில் இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது என்று வீட்டில் தாத்தாக்கள் பேசிக்கொள்வார்கள். சரித்திர வகுப்பில் அந்தப் பேச்சே எழாது. நாங்களும் கிளப்பவில்லை. 1896இல் கட்டி முடித்த சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் எங்களுக்கு மணி பார்க்க உதவியது, அவ்வளவுதான்.

சரி, மயிலாப்பூர்ப் பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்குப் போனது எப்படி? 1907இல் தொடங்கிய செயின்ட் பீட்ஸ் போன்றவை ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காக வந்தவை. அரசியல் சட்டத்தின் 337ஆம் பிரிவு அந்தச் சமூகத்தின் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபின் பத்து வருடம் சிறப்பு மானியம் தந்தது. கூடவே ஒரு நிபந்தனை: வருடாந்தரச் சேர்க்கையில் குறைந்தது 40 சதவீத இடங்களைப் பிற சமூகத்தாருக்குத் திறந்துவிட வேண்டும். அதற்குள் ஆங்கிலோ இந்தியர்களில் பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறத் தொடங்கியிருந்தன. காலியான பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தவர்கள்தான் நாங்கள். இதை எங்கள் அப்பாக்கள் இண்டர்வியூவில் பதில் சொன்ன சாமர்த்தியம் என்றே கடைசிவரை நம்பினார்கள்.

தேவாலயத்துக்குள் அப்போது இன்னொரு மாற்றம் நடந்து முடிந்திருந்தது. எங்களுக்குச் சில வருடம் மூத்த பிள்ளைகள் லத்தீனில் பூசை கேட்டவர்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பீடத்தில் தமிழ் வந்தது; முதுகைக் காட்டி நின்ற சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். ஆண்டவரிடம் தமிழில் பேசலாம், பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பேசினால் பத்துப் பைசா.

எங்கள் ‘அந்தக் காலம்’ பேச்சில் விட்டுப்போகிற ஓர் இடம் உண்டு. பள்ளியிலிருந்து கடலை நோக்கிக் கொஞ்சம் நடந்தால் மீனவர் குப்பம். மதியம் வலை காய்வது மாடி வகுப்பின் ஜன்னலில் தெரியும். அங்கிருந்து எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. ஞானோபதேசத்துக்குப் போனவர்களும் மாரல் சயின்ஸில் உட்கார்ந்தவர்களும் சாப்பாட்டு மணிக்கு ஒன்றாகிவிடுவோம். குப்பத்துப் பிள்ளைகள் வேறு பள்ளி, வேறு யூனிபாரம், தமிழ்வழி. அயலாரை நேசி என்று அழகான கையெழுத்தில் எழுதிய நோட்டு எல்லாரிடமும் இருந்தது. அந்த அயலார் ஜன்னலுக்கு வெளியே இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. டிசிப்ளினைத் தேடுகிற நண்பர்கள் இதையும் கொஞ்சம் தேடலாம்.

பாடப்புத்தகத்தில் இருந்த வேலியாவது பின்னால் போனது: 2010இல் சமச்சீர்க் கல்வி வந்து ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஓரியண்டல், ஆங்கிலோ இந்தியன் என்ற நான்கையும் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கும் வெகு முன்னால், 1978இல், பிளஸ் டூ வந்தபோது இந்தப் பள்ளிகளில் நடந்த கலாட்டா தனிக் கதை. பதினோராம் வகுப்போடு முடித்துக்கொண்டு பி.யு.சி.க்கு லயோலாவுக்கும் விவேகானந்தாவுக்கும் பேண்ட் தைத்துப் போனது கடைசி செட். அவர்களுக்கு அடுத்து வந்து இன்னும் இரண்டு வருடம் அசெம்பிளியில் நிற்க மாட்டிக்கொண்டது முதல் செட். அவர்கள் சண்டையை அடுத்த வாரம் பார்க்கலாம்.