மீன் வெந்த பானை சொன்ன பொய்

சென்ற வாரம் மர வளையங்களை எண்ணினோம். வளையங்கள் முழுசாக இருந்தால் மரம் வெட்டுப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம் என்று பார்த்தோம். ஆனால் அகழாய்வுக் குழியில் மரம் கிடைப்பது அபூர்வம். கூடை கூடையாக வருவது பானை ஓடுகள்தான். அந்த ஓட்டுக்கு நேரடியாக வயது சொல்ல முடியுமா என்பதே இந்த வாரக் கதை.

முதல் சிக்கல் களிமண்ணிலேயே இருக்கிறது. கார்பன்-14 முறைக்கு, உயிரோடு இருந்து செத்த ஏதாவது ஒன்று வேண்டும். செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது, ஆடு செடியைத் தின்கிறது, நாம் ஆட்டைத் தின்கிறோம். உயிர் போனதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால், செத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். 1949இல் சிகாகோவில் வில்லார்ட் லிப்பி நிரூபித்துக் காட்டிய கணக்கு இது. 1960இல் அவருக்கு நோபல் பரிசையும் வாங்கித் தந்தது. களிமண்ணோ பாறை நைந்து உண்டானது. அதில் கொஞ்சநஞ்சம் கார்பன் இருந்தாலும், குயவர் கை படுவதற்கு எவ்வளவோ முந்தியது.

அதனால் நெடுங்காலம் சுற்றுவழிதான். பானையின் வடிவத்தையும் அதன் மேலுள்ள வேலைப்பாட்டையும் வைத்து ஒரு வரிசை போடுவார்கள். அதே மண்ணடுக்கில் கிடைத்த அடுப்புக்கரியை அளப்பார்கள். ஆனால் கரி காட்டுவது மரத்தின் வயதை. முந்நூறு வருடத்து மரத்தின் வைரம் எரிந்திருந்தால், கணக்கில் முந்நூறு வருடம் கூடிவிடும். எலி வளை தோண்டினாலும் போதும், மேலடுக்குக் கரி கீழடுக்குக்கு இறங்கிவிடும்.

பானையைவிட்டுப் பிரியாத கரி ஒன்று உண்டு: அடிப்பிடித்த சாப்பாடு. கார்பன் அணுக்களையே எண்ணிவிடும் முடுக்கி இயந்திரங்கள் வந்த பிறகு, சுரண்டி எடுத்த சில மில்லிகிராம் கரி போதும் என்றானது. ஜப்பானின் ஆவோமோரி பகுதியில் ஓடை யாமாமோட்டோ என்ற இடத்தில் கிடைத்த வேலைப்பாடற்ற ஓடுகளில் ஒட்டியிருந்த கரி, 16,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று வந்தது. பயிர்த்தொழில் தொடங்குவதற்கு வெகு முன்பே பானை புழங்கியிருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

எல்லாக் கரியையும் இப்படி நம்ப முடியாது. வட ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வாழ்ந்த எர்டெபோலே மக்கள் வேட்டையாடிகள், மீன்பிடிப்பவர்கள். உள்நாட்டு ஆற்றங்கரையில் கிடைத்த அவர்களுடைய பானைகளின் கரி, கடற்கரையில் கிடைத்த அதே வகைப் பானைகளைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்ததாகக் காட்டியது. அப்படியானால் பானைக்கலை உள்நாட்டில்தான் முதலில் பிறந்ததா?

இல்லை, வயதைக் கூட்டியது மீன் என்றார்கள் அண்டர்ஸ் ஃபிஷரும் யான் ஹைனமையரும், 2003இல். சுண்ணாம்பு மண்ணில் ஓடும் தண்ணீர் பாறையிலுள்ள கார்பனைக் கரைத்து எடுத்துவருகிறது. அது கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய கார்பன். அதில் கார்பன்-14 துளிகூட மிச்சமில்லை. நீர்ச்செடி அதை எடுக்க, செடியிலிருந்து அது மீனுக்குப் போகிறது. இந்தச் செத்த கார்பன் நூற்றில் ஒரு பங்கு கலந்தால் வயது சுமார் 80 ஆண்டு கூடும். பத்தில் ஒரு பங்கு கலந்தால் சுமார் 850 ஆண்டு. பென்டே ஃபிலிப்சன் என்ற ஆய்வாளர் பழைய பானையைப் போலவே புதிது செய்து, அந்தப் பக்கத்து ஆற்று மீனை அதில் வேகவைத்துக் கருகவிட்டு அளந்தார். புத்தம்புதுக் கரியும் பழைய வயதையே காட்டியது.

அப்படியானால் எதை அளப்பது? மண்சட்டி புழங்கும் வீடுகளில் விடை தெரியும். மீன் குழம்பு வைத்த சட்டியை எத்தனை தேய்த்தாலும் வாசம் போவதில்லை. கொழுப்பு மண்ணின் நுண்துளைகளில் இறங்கிவிடுகிறது. அங்கே வெளிக்காற்றும் நுண்ணுயிரும் எளிதில் எட்டாததால், ஆயிரக்கணக்கான ஆண்டு கழித்தும் அது கிடைக்கிறது.

அந்தக் கொழுப்பை வெளியே எடுத்து வயது சொல்லும் முறையை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் இம்மானுவேல் காஸநோவா. ஓட்டின் மேற்புறத்தை முதலில் சுரண்டி எறிகிறார்கள், ஏனென்றால் புதைமண்ணின் அழுக்கு அங்கேதான் இருக்கும். மிச்சத்தை இடித்துப் பொடியாக்கி, அமிலம் கலந்த மெத்தனாலில் கொழுப்பைக் கரைக்கிறார்கள். பிறகு வாயுப் பிரிப்புக் கருவியில் திரும்பத் திரும்பச் செலுத்தி, பால்மிடிக் அமிலத்தைத் தனியாகவும் ஸ்டியரிக் அமிலத்தைத் தனியாகவும் சேர்க்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெத்தனால் பெட்ரோலிய வழி வந்த சரக்கு. அதன் கார்பனும் செத்த கார்பன். பால்மிடிக் மூலக்கூறின் 16 கார்பனோடு மெத்தனாலின் ஒரு கார்பன் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால், வயது ஏறக்குறைய 490 ஆண்டு ஏறிவிடும். கழித்த பிறகு இரண்டு அமிலங்களும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கோ அழுக்கு கலந்திருக்கிறது என்று அந்த ஓட்டை ஒதுக்கிவிடலாம். இரண்டு சாட்சிகளையும் ஒரே பானைக்குள்ளிருந்தே எடுப்பதுதான் இந்த முறையின் பலம்.

முறை சரிதானா என்று சோதிக்க, விடை தெரிந்த பானை வேண்டும். இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பு நிலத்தில் 1970இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்வீட் ட்ராக்’ என்ற மரப்பாதை கைகொடுத்தது. அதன் மரங்கள் கி.மு. 3807-3806 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று வளையங்கள் சொல்லிவிட்டன. பாதையோரம் கிடைத்த பானைகளின் கொழுப்பு தந்த வயது அதனோடு பொருந்தியது. பிறகு லண்டன் ஷோர்டிச்சில் கிடைத்த 436 ஓடுகளிலிருந்து சில. எடை மொத்தமே ஆறரைக் கிலோ. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் பாலும் புழங்கிய பானைகள் அவை. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று, 138 ஆண்டு இடைவெளிக்குள் காலத்தைக் குறுக்க முடிந்தது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பானையில் மீன் கொழுப்பு இருந்தால் பழைய சிக்கல் திரும்ப வரும். ஆகவே ஆடு, மாடுகளின் கொழுப்புதானா என்று முதலில் உறுதிசெய்கிறார்கள்.

நம் ஊர்ச் செய்திகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்டதாக 2021இல் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அங்கே அளந்தது தாழியை அல்ல, ஒரே பருவத்தில் விளைந்து அறுத்த நெல்லை. மரத்தைப் போல நெல்லுக்கு முந்நூறு வருட ஆயுள் கிடையாது என்பதால், கரியைவிட அது நல்ல சாட்சி. இனி ‘கார்பன் சோதனையில் இத்தனை ஆயிரம் ஆண்டு’ என்று தலைப்புச் செய்தி வந்தால், பெருமைப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அளந்தது எதை? கரியா, தானியமா, அடிப்பிடித்ததா, கொழுப்பா? அந்தப் பதில் இல்லாத ஆண்டுக்கணக்கு எதையும் நிரூபிப்பதில்லை.

(தொடரும்)